நான்கு மில்லிமீட்டர்

செங்கல்பட்டு
9 ஜூன் 2003

ஜான்சன்,

எட்டு வருடம் ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரித்து ஆரம்பிக்க மனம் வரவில்லை. உன் நலம் பற்றி இத்தனை நாள் நான் நினைத்ததில்லை. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். உன் வீட்டு போன் நம்பர் சியாமளாவிடம் இருக்கிறது. என் மனைவி யாருடைய நம்பரையும் கிழித்துப் போடுகிறவள் இல்லை. ஆனால் போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கிழிப்பதற்கு முன் இரண்டு வரியாவது படிப்பாய்.

விஷயம் இதுதான். நம்முடைய எச்.டி.2 மாடல் விமானத்தின் காக்பிட் உன்னிடம் இருக்கிறது. அது எனக்கு வேண்டும்.

உடல், இறக்கை, வால், சக்கரம் எல்லாம் என் மேஜையில் அப்படியே இருக்கின்றன. காக்பிட் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் பள்ளம். நிஜ விமானத்தில் இருபத்து நாலில் ஒரு பங்கு. எனக்குத் தெரிந்து இதற்கு எந்தக் கடையிலும் கிட் கிடையாது. கிட் இருந்திருந்தால் உன்னிடம் கேட்டு எழுதியிருக்க மாட்டேன் என்பது உனக்கே தெரியும். காக்பிட்டைச் செய்தது நீதான், மறுக்கவில்லை. ஆனால் வரைபடம் போட்டவன் நான். பாதி உரிமை எனக்கு உண்டு.

'நீயே இன்னொன்று செய்துகொள்ளலாமே' என்று எழுதிவிடாதே. க்ளௌகோமா. இடது கண் போன வருஷமே போய்விட்டது. வலது கண் ஓரங்களிலிருந்து உள்ளே மூடிக்கொண்டு வருகிறது. குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் பார்க்கிறேன். டாக்டர் தேதி எதுவும் சொல்லவில்லை. ஆனால் தீபாவளிக்கு அப்புறம் எந்த வேலையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த விமானம் முழுதாக நிற்பதை ஒருமுறை பார்க்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். என்னைக் கெடுத்தவர்கள் என்று ஏழு பேர் கொண்ட பட்டியல் ஒன்று மனதில் வைத்திருக்கிறேன். நீ மூன்றாவது. முதலிரண்டு பேர் ஆபீஸில் என் சீனியாரிட்டியைத் தின்றவர்கள். காக்பிட்டை அனுப்பினால் உன் பெயரை எடுத்துவிடுகிறேன்.

பரணிதரன்


சதுரங்கப்பட்டினம்
20 ஜூன் 2003

திரு. பரணிதரன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கண் விஷயம் கேட்டு வருத்தப்பட்டேன். இதை ஒப்புக்காக எழுதவில்லை.

பட்டியலில் மூன்றாவது இடம் கொடுத்ததற்கு நன்றி. எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

காக்பிட் எங்கள் வீட்டு பீரோவில், துணிகளுக்குக் கீழே இருக்கிறது. எட்டு மாதம் செய்த வேலை அது. டயல் ஒவ்வொன்றையும் பெரிதாக வரைந்து, போட்டோ எடுத்து, நெகட்டிவ் பிலிமில் சுருக்கி, ஊசி முனையால் வெட்டினேன். சீட் பெல்ட்டுக்கு டீத்தூள் பாக்கெட்டின் உள்தாள். ஒயர்களுக்கு, பால்பாயிண்ட் ரீஃபிலை மெழுகுவத்தியில் காட்டி முடி போல இழுத்தது. கண்ணாடி மூடியை ஒட்டிவிட்டால் இதில் பாதி யாருக்கும் தெரியாது என்று தெரிந்துதான் செய்தேன். உங்களுக்குத் தெரியும் என்பதால் செய்தேன்.

அதை நீங்கள் எந்த ஹாலில், யார் முன்னால், என்ன சொல்லித் திருப்பிக் கொடுத்தீர்கள் என்று உங்கள் கடிதத்தில் தேடினேன். ஒரு வரிகூட இல்லை. வரைபடம், உரிமை, பட்டியல் எல்லாம் இருக்கிறது. அது மட்டும் இல்லை.

இப்போதைக்கு அனுப்புவதாக இல்லை.

ஜான்சன்


செங்கல்பட்டு
2 ஜூலை 2003

ஜான்சன்,

என்னை 'நீங்கள்' என்று எழுதுகிறாய். நீ மாற்றல் வாங்கிப் போகும்வரை பதினாறு வருஷம் ஒரே ஒர்க்ஷாப்பில் ஒரே கேரியரில் சாப்பிட்ட ஆள். சரி, உன் இஷ்டம்.

அன்றைக்கு ஏதோ கோபத்தில் சொன்னேன். மறுநாள் காலை பத்து மணிக்கு மாடல் போட்டிக்கு நடுவர்கள் வருகிறார்கள். முந்தின மாலை நீ கொண்டுவந்து இறக்கிய காக்பிட் உடலுக்குள் இறங்கவில்லை. நீளத்தில் நான்கு மில்லிமீட்டர் அதிகம். அகலத்தில் ஒரு மில்லிக்கு மேல். மூன்று வருட உழைப்பு. எந்த மனிதன் வாயிலிருந்தும் நல்ல வார்த்தை வந்திருக்காது. காக்பிட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாயே, ஒரு வார்த்தை விளக்கம் சொன்னாயா? அளவு எங்கே தப்பியது என்று இன்றுவரை சொன்னாயா? என்னை மட்டும் கேட்கிறாய்.

அதை விடு. நான் ஒரு சீட் செய்து பார்த்தேன், நானே. போன வாரம் நான்கு நாள். சிரிஞ்ச் ஊசியை வெட்டிச் சட்டம் செய்ய முயன்றேன். வெட்டிய துண்டு தரையில் விழுந்தது. சியாமளா குனிந்து தேடினாள், நானும் தேடினேன். நான் எடுத்தது துடைப்பக் குச்சி. அவள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

நேற்று மறுபடியும் பார்வைச் சோதனை. ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். எங்கெங்கோ புள்ளியாக வெளிச்சம் வரும், தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும். நான் நிறைய அமுக்கினேன். சோதனை செய்த பெண் மெஷினை நிறுத்திவிட்டு, "இன்னா சார், லைட்டே வராதப்ப அமுக்கிகினு கீறீங்க? எக்ஸாம்ல பிட் அடிக்கிற மாதிரி கீதே!" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஐம்பத்தோரு வயதில் கண் பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அனுப்பு, ஜான்சன். கெஞ்சுகிறேன் என்று வைத்துக்கொள். இந்த வார்த்தையை நான் ஆபீஸில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், கண்ணுக்காக முன்கூட்டியே ஓய்வு வாங்கியபோது பதவி உயர்வோடு வந்திருப்பேன்.

பரணி


சதுரங்கப்பட்டினம்
14 ஜூலை 2003

திரு. பரணிதரன் அவர்களுக்கு,

வரும் சனிக்கிழமை காசியம்மாள் ஒரு கல்யாணத்துக்குச் செங்கல்பட்டு வருகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் அனுப்பினால் உடையும்.

நான் கேட்டதற்கு உங்களிடமிருந்து பதில் வரவில்லை. அது வரும் என்று இதை அனுப்பவில்லை. கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பொய்யாக அமுக்கினீர்கள் என்று படித்ததும் பீரோவைத் திறந்துவிட்டேன். அவ்வளவுதான்.

ஜான்சன்


செங்கல்பட்டு
20 ஜூலை 2003

ஜான்சன்,

உன் மனைவி நேற்று வந்தாள். சியாமளா எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை, காபி வேண்டாம் என்றுவிட்டாள். பட்டுப்புடவையில் நின்றுகொண்டே பெட்டியை மேஜையில் வைத்தாள்.

"எட்டு வருசமா இத்துக்குப் பயந்துகினு பீரோல நான் ஒரு பொடவய நிம்மதியா எடுத்ததில்ல சார். எடுத்தா ஆடுமாம், வச்சா ஒடையுமாம். கொயந்தைய கூட அந்த மனுசன் இப்டி பாத்துக்கல" என்றாள்.

"ஜான்சன் எப்படி இருக்கான்?" என்று கேட்டேன்.

"கீறாரு. நீங்க கேட்டீங்கன்னு சொல்லணுமா, வேணாமா?"

நான் பதில் சொல்வதற்குள் சியாமளா, "சொல்லுங்க" என்றாள்.

"நீ சொல்லுவ தாயி. அவரு வாயத் தொறக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உன் மனைவி படி இறங்கிவிட்டாள்.

போகட்டும். பெட்டியைத் திறந்து பார்த்தேன். வேலையைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் உடலில் இறக்கிப் பார்த்தேன். அதே நான்கு மில்லி! எட்டு வருடத்தில் நீ அதைத் தேய்த்துச் சரிசெய்திருப்பாய், அந்த வெட்கத்தில்தான் அனுப்பத் தயங்குகிறாய் என்று நினைத்திருந்தேன். அப்படியே இருக்கிறது. முன்பக்கத் தடுப்பில் இடிக்கிறது, பின்சீட் வெளியே நிற்கிறது. அன்றைக்கு நான் கத்தியதில் என்ன தப்பு? சொல். ஸ்கேலைப் பிடித்து அளந்தால் யாருக்கும் தெரிகிற விஷயத்தை நான் சொன்னேன். கண் தெரியாதவன் நானா, நீயா?

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இதை நான் எப்படித் தேய்ப்பேன்? வேண்டுமென்றே அனுப்பியிருக்கிறாய்.

பரணிதரன்


செங்கல்பட்டு
23 ஜூலை 2003

ஜான்சன்,

இருபதாம் தேதி ஒரு கடிதம் போட்டேன். வந்திருந்தால் படிக்காதே. படித்துவிட்டாயானால் இதையும் படி. அதைத் திரும்ப வாங்க நேற்றுக் காலை தபாலாபீஸ் போனேன். பெட்டியில் போட்டதைத் திருப்பித் தர முடியாது என்றார்கள். சியாமளா கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனதெல்லாம் வீண்.

உன் பெட்டிக்கு அடியில் ஒரு தாளை மடித்துப் போட்டிருந்தாய். ஆடாமல் இருக்கட்டும் என்று போட்டிருக்கிறாய் என நினைத்துத் தூக்கி ஓரமாக வைத்தேன். திங்கட்கிழமை காலையில்தான் விரித்தேன். நான் மையில் வரைந்த அசல் டிரேசிங். கீழே வலது மூலையில் என் கையெழுத்து. அதன் மேலே நான் எல்லா வரைபடத்திலும் போடுகிற வரி: 'இப்படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது. எழுதியுள்ள எண்களையே பின்பற்றவும்.' இருபத்தாறு வருடம் சின்னப் பையன்களையெல்லாம் இந்த ஒரு வரிக்காகத் திட்டியிருக்கிறேன். தாள் சுருங்கும், நகல் சுருங்கும், எண் சுருங்காது என்று.

என்னிடம் இருந்த நகலை எடுத்து டிரேசிங் மேல் வைத்தேன். கோடுகள் சேரவில்லை. நூறு மில்லி என்று போட்ட அளவுகோட்டின் மேல் எஃகு ஸ்கேலை வைத்தேன். உன் தாளில் நூறு. என் தாளில் தொண்ணூற்றாறு.

நான் முதலில் எடுத்த ஜெராக்ஸில் பசை கொட்டிவிட்டது. அசல் உன்னிடம் இருந்தது. அதை வாங்க உன் ஊர் வரை பஸ் ஏறச் சோம்பல்பட்டு, பஸ் ஸ்டாண்ட் கடையில் அந்த ஜெராக்ஸையே மறுபடி இரண்டு பிரதி ஜெராக்ஸ் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு பர்சென்ட் சுருங்கியிருக்கிறது. அதில் ஒரு நகலை பிளைவுட்டின் மேல் ஒட்டி, கோட்டின் மேலேயே ரம்பத்தை ஓட்டி, உள்சட்டங்களை வெட்டினேன். எண்ணைப் படிக்கவே இல்லை. இறக்கையும் வாலும் அதே தாளிலிருந்து வந்ததால் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. எனக்குச் சந்தேகமே வரவில்லை. நீ எண்ணைப் படித்துச் செய்தாய். உன் காக்பிட் சரி. நூற்றெட்டு மில்லி இருக்க வேண்டியது, நூற்றெட்டு இருக்கிறது. தப்பு என் விமானம் முழுவதும்.

மூன்று நாளாக இதை எழுதுவதற்கு முயன்றுகொண்டிருக்கிறேன். எழுதிவிட்டேன். அளவு விஷயத்தில் நான்தான் தவறு.

உனக்கு இது இப்போதுதான் தெரிகிறது என்று நினைக்கிறேன். சந்தோஷப்பட்டுக்கொள்.

பரணி


சதுரங்கப்பட்டினம்
1 ஆகஸ்ட் 2003

பரணி,

எனக்கு 1995 ஜனவரி மாதமே தெரியும்.

அன்றைக்கு அவசரத்தில் உன்னுடைய வால் துண்டு ஒன்று என் பெட்டியோடு வந்துவிட்டது. நீ பிறகு வேறு செய்துகொண்டிருப்பாய். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அதை டிரேசிங் மேல் வைத்தேன். சுற்றிலும் கோடு வெளியே தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. ஒரு போஸ்ட் கார்டு போதும் உனக்குச் சொல்ல. எழுதினேன். போடவில்லை.

ஏன் போடவில்லை என்று சொல்கிறேன். நீ கோபத்தில் ஏதோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். "கோட்டாவுல வந்த கை. இதுல அளவு எங்கேருந்து நிக்கும்?" பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நம் ஆபீஸ் ஜானகிராமன் சிரித்தான். என் மச்சான் ராமதாஸ் இருந்தான். நான்தான் அவனை வேலைக்கு லீவு போடச் சொல்லி, என் வேலையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்கள், வந்து பார் என்று கூட்டிவந்தேன். பாரிமுனையிலிருந்து ஊர் வரும்வரை பஸ்ஸில் அவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். இறங்கும்போது, "நீ அவனாண்ட ஒண்ணும் கேக்கலயே, மாமா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

என் அப்பா சின்னையன் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். நான் பரீட்சை எழுதி, டிரேட் டெஸ்டில் முதலாவதாக வந்து, அந்த ஒர்க்ஷாப்பில் நுழைந்தேன். நீ என் கேரியரில் மீன் எடுத்துச் சாப்பிட்டபோதெல்லாம் அதை நினைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாயா என்று எட்டு வருடமாக யோசிக்கிறேன்.

நீ சொன்னது அளவைப் பற்றி இல்லை, பரணி. அதனால் அளவைப் பற்றிப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நான் நிரூபித்திருந்தால் நீ, சரி, இந்த ஒரு கை நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பாய். அந்தச் சர்டிபிகேட் எனக்கு வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். தப்பு உன்னுடையது என்று தெரிந்தும், அது தெரியாமல் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நீ உட்கார்ந்திருப்பாய் என்பது எனக்குத் திருப்தியாக இருந்தது. ஒவ்வொரு வருஷமும். உன் கண் போகும் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியாது. சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது.

காக்பிட்டை அரத்தால் தேய்த்துக்கொள். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு. பக்கவாட்டில் கொஞ்சம். டயல் எதுவும் கெடாது. நான் அனுமதி தருகிறேன். அந்த வேலைக்கு என்னைக் கூப்பிடாதே.

ஜான்சன்


செங்கல்பட்டு
5 செப்டம்பர் 2003

ஜான்சன்,

இந்தக் கடிதத்தில் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் மன்னித்துக்கொள். சியாமளா அட்டையில் நீளமாகத் துளை வெட்டித் தந்திருக்கிறாள். அதைத் தாளின் மேல் வைத்து நகர்த்தி நகர்த்தி எழுதுகிறேன். தான் எழுதித் தருவதாகச் சொன்னாள். இதை அவள் கையால் எழுத வைக்க எனக்கு முகம் இல்லை.

உன் காக்பிட்டைத் தேய்க்கவில்லை. அரத்தை எடுத்தேன், வைத்துவிட்டேன். சரியாக இருப்பதைத் தப்பானதற்குத் தக்கபடி வெட்டுவது எந்த ஒர்க்ஷாப்பில் நடக்கும்? (நம்முடையதில் நடந்தது, அது வேறு கதை.) அதனால் என் உடலை நடுவில் நீளவாக்கில் அறுத்து, இடையில் ஒரு பட்டை கொடுத்து அகலப்படுத்தி, முன்தடுப்பைச் செதுக்கி இடம் பண்ணலாம் என்று முடிவு செய்தேன். மூக்கிலிருந்து வால்வரை பென்சிலால் கோடு போட்டேன். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரைதான் எனக்கு வெளிச்சம் போதும். ஒரு நாளைக்கு ஒரு விரல்கடை. எட்டு நாள் சரியாகப் போனது. ஒன்பதாம் நாள் ரம்பம் கோட்டைவிட்டு விலகியது எனக்குத் தெரியவில்லை. கல்யாண முருங்கைக் கட்டை உனக்குத் தெரியுமே, எடை இருக்காது, பலமும் இருக்காது. இறக்கை சேரும் இடத்தில் ஒரு சத்தம் கேட்டது. வலது பக்கம் முழுதாகப் பிளந்து கையோடு வந்துவிட்டது. பசை போட்டுப் பார்த்தேன். சியாமளா பிடித்துக்கொண்டாள். நிற்கவில்லை.

விமானம் இனி இல்லை. பத்து நாள் அந்த மேஜைப் பக்கமே போகவில்லை. சாப்பிட்டேனா என்று நினைவில்லை. முழுதாக நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று உனக்கு எழுதியிருந்தேன். அது நடக்காது. இனி ஒன்று செய்ய எனக்கு நாளும் இல்லை, கண்ணும் இல்லை.

ஜான்சன், அந்த ஹாலில் நான் சொன்னது தவறு. உன் அளவு சரியாக இருந்ததால் தவறு என்று எழுதவில்லை. உன் அளவு நாற்பது மில்லி பிசகியிருந்தாலும் அது தவறுதான். கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வாய் தவறவில்லை. உள்ளே இருந்தது வந்தது. நீ என்னைவிட நன்றாக ஒன்றைச் செய்துகொண்டு வரும் ஒவ்வொரு முறையும் அது உள்ளே இருந்தது. உன் கேரியரில் சாப்பிடும்போது இருந்ததா என்று கேட்டாய். சில நாள் இருந்தது. இல்லை என்று எழுதியிருக்கலாம், நீ நம்பமாட்டாய். ராமதாஸிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டு. ஜானகிராமன் இப்போது மறைமலைநகரில் இருக்கிறான். அவனுக்கும் எழுதிவிட்டேன், அன்று சிரித்ததற்கு அவனும் உனக்கு எழுத வேண்டும் என்று. எழுதுவான் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

காக்பிட் மேஜையில் தனியாக இருக்கிறது. தினமும் ஒன்பது மணிக்கு அதைக் கையிலெடுக்கிறேன். சுற்றி உடல் இல்லாததால் எல்லாப் பக்கமும் பார்க்க முடிகிறது. பின்சீட்டுக்கு அடியில் ஒரு சின்னத் தீயணைப்பு சிலிண்டர் வைத்து, அதற்கு வாரும் கட்டியிருக்கிறாய். நான் வரைபடத்தில் அதைப் போடவே இல்லை. உடலுக்குள் இறக்கியிருந்தால் சாகிறவரை எனக்குத் தெரிந்திருக்காது.

அந்த வேலைக்கு உன்னைக் கூப்பிடக்கூடாது என்று எழுதியிருந்தாய். அந்த வேலை முடிந்துவிட்டது, அதற்குக் கூப்பிடவில்லை. உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது உனக்குத் தலை முழுதும் கறுப்பு. இப்போது வழுக்கையா, நரையா, கண்ணாடி போட்டிருக்கிறாயா, ஒன்றும் தெரியாது. காசியம்மாளிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. போன வாரம் குழாய் இன்னும் சுருங்கிவிட்டது. சியாமளாவின் முகம் ஒரே பார்வையில் அடங்குவதில்லை. கண்ணைப் பார்த்தால் வாய் தெரியவில்லை.

வர வேண்டும் என்று இல்லை. வந்தால் திருக்கழுக்குன்றம் வழியாக வரும் காலை பஸ்ஸில் வா. ஒன்பதுக்கு மேல் வெளிச்சம் வாசலில் நேராக விழும். மணி அடிக்காதே, கூப்பிடவும் கூப்பிடாதே. வாசற்படியில் நின்றால் போதும், நான் எதிரேதான் உட்கார்ந்திருப்பேன். யார் என்று நான் சொல்கிறேன். மனதுக்குள் இருபதுவரை எண்ணு. அதற்குள் நான் சொல்லாவிட்டால், நீ பேசு.

பரணி